ஒரு வீடு, இரண்டு வாசல்

லண்டனில் ஹைட் பார்க்குக்கு வடக்கே பேஸ்வாட்டர் என்று ஒரு பகுதி. அங்கே போர்செஸ்டர் டெரஸ் என்ற தெருவில் 3, 5 என்று எண் போட்ட இரண்டு வீடுகள் இருக்கின்றன. (4 எங்கே போச்சு என்று தேட வேண்டாம். லண்டனில் பல தெருக்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் எதிர்ப்பக்கம்.)

இரண்டு வீடு என்பது தபால்காரர் கணக்கு. தெருவில் நின்று பார்ப்பவர் கணக்கில் அது ஒரே வீடுதான். நடுவில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் வளைவான கண்ணாடி அறை. அதன் தலையில் கண்ணாடியாலேயே ஒரு கவிகை மாடம். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. வசதியான ஒரு குடும்பத்தின் தனி பங்களா என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே 1823-க்கும் 1825-க்கும் இடையில் கட்டப்பட்ட வீடு அது.

கட்டியவர் ஜான் கிளாடியஸ் லூடன். தோட்டக்கலை பற்றி எழுதிப் பிழைத்தவர். இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டி அதை ஒன்றாகக் காட்டுவதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ரசனை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது முக்கால்வாசி பணக் கணக்கு. மிச்சம் கால்வாசி ஒரு மனிதனின் உடம்பு.

முதலில் ஜார்ஜியம்

இங்கிலாந்தில் 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயரிலேயே நான்கு ராஜாக்கள் வரிசையாக ஆண்டார்கள். அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளுக்கு ஜார்ஜிய வீடுகள் என்று பெயர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அலட்டல் இல்லாத செங்கல் முகப்பு. கயிறும் எடைக்கட்டியும் வைத்து மேலும் கீழும் ஏற்றி இறக்கும் ஜன்னல்கள். தரைத்தளத்துக்கு மேல் மாடியில் உயரமான ஜன்னல்கள், அதற்கும் மேலே போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வரும். கதவுக்கு மேலே விசிறி மாதிரி ஒரு கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

இந்த விதி 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞரிடமிருந்து வந்தது. அவர் பழைய ரோமானியக் கட்டடங்களை அளந்து பார்த்து, எதற்கு எது எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று புத்தகம் போட்டார். இங்கிலாந்துப் பிரபுக்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பல்லாடியோ வரைந்தது பிரபுக்களின் தனி மாளிகைகளை. லண்டன் வக்கீலும் வியாபாரியும் எங்கே போவது?

வரிசை வீடும் வாடகை மண்ணும்

லண்டனில் பெரும்பாலான நிலம் சில பிரபுக் குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தை விற்கவில்லை. 99 வருடம் என்பது போன்ற நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்கு எடுத்த மேஸ்திரி தன் செலவில் வீடு கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை ஒன்றிரண்டு வருடத்துக்கு வாடகை பெயரளவுக்கு ஒரு மிளகு. (கதை இல்லை, பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள்.) குத்தகை முடிந்தால் மண்ணும் அதன் மேல் நிற்கும் வீடும் பிரபு குடும்பத்துக்கே திரும்பும். ஒரு பைசா போடாமல் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தெருவே கிடைக்கும். நீண்ட கால முதலீடு என்றால் இதுதான்!

மேஸ்திரிக்கு இருந்த கணக்கு வேறு. தெருவோர நீளத்துக்குத்தான் விலை. அதனால் வீட்டை ஒல்லியாக்கி உயரமாக்கினார். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டினார். சமையலறை தரைக்குக் கீழே, வேலைக்காரர்கள் கூரைக்குக் கீழே, இடையில் குடும்பம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு பொதுச்சுவர். அந்தச் சுவரில் இரண்டு பக்கமும் கணப்பு அடுப்பு, மேலே ஒரே புகைபோக்கித் தொகுதி. ஒரு சுவர் மிச்சம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1666-ல் லண்டன் எரிந்த அனுபவம் இருந்ததால் சுவர் எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1774-ம் வருடச் சட்டம் வீடுகளை மதிப்பும் பரப்பளவும் பார்த்து நான்கு தரமாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பு என்றால் முதல் தரம். 150-க்குக் கீழே என்றால் நான்காம் தரம். போதாததற்கு ஜன்னலுக்கு 1696 முதல் 1851 வரை வரி. செங்கல்லுக்கு 1784 முதல் 1850 வரை வரி. கண்ணாடிக்கு 1740-களிலிருந்து 1845 வரை எடை போட்டு வரி. ஜார்ஜிய வீட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பின்னால் ஒரு ரசீது இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

இந்த ஒல்லி வீடுகளுக்கு ஒரு கம்பீரம் வேண்டுமே? அதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் பாத் நகரத்து ஜான் வுட். 1728-ல் தொடங்கிய குவீன் சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தில் பல வீடுகளை ஒரே முகப்புக்குப் பின்னால் வைத்து, மொத்தத்தையும் ஒரு அரண்மனை மாதிரி காட்டினார். உள்ளே குடியிருப்பவருக்குச் சொந்தம் ஒரு துண்டுதான். ஆனால் விருந்தாளி வண்டியிலிருந்து இறங்கும்போது கண்ணில் படுவது அரண்மனை.

இரண்டே இரண்டு

அந்த வரிசையை வெட்டிக்கொண்டே வந்து இரண்டே வீட்டில் நிறுத்தினால் கிடைப்பதுதான் செமி-டிடாச்டு. ஒட்டிக்கொண்டும் பிரிந்தும் நிற்கும் இரட்டை வீடு.

லாபம் என்ன? வரிசை வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் வெளிச்சம். இரட்டை வீட்டுக்கு மூன்றாவதாக ஒரு பக்கமும் திறந்து கிடக்கும். காற்று வரும். வீட்டுக்குள் நுழையாமலே பக்கவாட்டில் தோட்டத்துக்குப் போகலாம். தனி வீட்டோடு ஒப்பிட்டால் ஒரு சுவரும் கொஞ்சம் நிலமும் மிச்சம். பிரபு மாதிரி வாழ ஆசை, ஆனால் கையில் இருப்பது பாதிப் பணம் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது.

1794-ல் லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதிக்கு வரைந்த ஒரு திட்டத்தில் முழுக்க முழுக்க இரட்டை வீடுகளாகவே ஒரு குடியிருப்பைக் காட்டியிருந்தார்கள். அது வரைந்தபடி கட்டப்படவில்லை. அதே சமயத்தில் மைக்கேல் சியர்ல்ஸ் என்பவர் பிளாக்ஹீத்தில் பாரகன் என்ற பிறை வடிவ வரிசையைத் தொடங்கினார். ஏழு ஜோடி, ஆக 14 வீடுகள். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தூண் வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏழு மாளிகைகள் கைகோத்து நிற்பது போல இருக்கும். இரண்டாம் உலகப்போரில் அடிபட்டு, பிறகு சீரமைக்கப்பட்டு, இன்றைக்கும் நிற்கிறது.

பாரகன் முகப்புக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஒரு சின்னக் கதை. எலிசா ராபர்ட்சன் என்ற பெண்மணி, தனக்குப் பெரிய சொத்து வரப்போகிறது என்று சொல்லி அங்கே ஒரு வீட்டைப் பிடித்தார். கடைக்காரர்களிடம் கடனுக்கே சாமான் வாங்கி வீட்டை இழைத்தார். அந்த விலாசத்தைக் கேட்டதும் கடைக்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை போலிருக்கிறது. கடைசியில் குட்டு உடைந்தது. 1805-ல் கடன்காரர் சிறையில் இறந்துபோனார். முகப்பை அடமானமாக எடுத்துக்கொண்டு கடன் கொடுத்தவர்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் என்ன வைப்பது?

இப்போது கட்டடக் கலைக்கு வருவோம். இரட்டை வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பல்லாடியோ விதிப்படி கட்டடத்தின் மிக முக்கியமான இடம் நடு. வாசல் அங்கேதான், தூண்கள் அங்கேதான், முக்கோண முகடு அங்கேதான். எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் இரட்டை வீட்டின் நடுவில் இருப்பது என்ன? பொதுச்சுவர்! ஜன்னல் வைக்க முடியாது, கதவு வைக்க முடியாது. எங்கே மரியாதை செய்ய வேண்டுமோ அங்கே வெறும் செங்கல்.

ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். சிலர் நடுச்சுவரின் மேல் பொய் ஜன்னல் வைத்தார்கள். சட்டம் இருக்கும், வளைவு இருக்கும், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் இருக்கும். (ஜார்ஜிய வீட்டில் அடைத்த ஜன்னலைப் பார்த்தாலே ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். சிலது அப்படித்தான். ஆனால் பல ஜன்னல்கள் பிறக்கும்போதே குருடு. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பதற்காக வைத்தவை.) இன்னும் சிலர் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முக்கோண முகட்டைத் தூக்கி வைத்தார்கள். முகட்டின் உச்சி சரியாகச் சுவருக்கு நேர் மேலே வரும். வாசல் இரண்டையும் ஆளுக்கொரு கோடிக்குத் தள்ளிவிட்டால், முன்னால் நின்று பார்ப்பவருக்கு இரண்டு கதவு ஒன்றாகக் கண்ணில் படாது.

லூடன் செய்தது வேறு. அவர் அந்த நடு இடத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி வீட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

யார் இந்த லூடன்?

1783-ல் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். 1803-ல் லண்டன் வந்தார். 1806-ல் வாதக் காய்ச்சல் வந்தது. ஒரு முழங்கால் மடங்காமல் போனது, கையும் முடங்கியது. அதோடு பண்ணை நிர்வாகம் செய்து 1812-க்குள் 15,000 பவுண்டு சம்பாதித்தார். அந்தக் காலத்துக்கு அது மலை. அடுத்த சில வருடங்களில் ஐரோப்பா முழுக்க, ரஷ்யா வரைக்கும் சுற்றினார். போட்டு வைத்த முதலீடு அதற்குள் கரைந்துவிட்டது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

1816-ல் ஒரு விஷயம் கண்டுபிடித்தார். வளைக்கக்கூடிய தேனிரும்புக் கம்பி. அதற்கு முன்பு செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளின் சட்டங்கள் பெரும்பாலும் மரம். மரம் தடிமனாக இருக்கும், நிழல் விழும், வளைப்பதும் கஷ்டம். லூடனின் கம்பி ஒல்லி, எந்த வளைவுக்கும் வரும், வெளிச்சத்தை மறைக்காது. கண்ணாடியில் கவிகை கட்டுவது அதனால் சுலபமானது. இந்த உரிமையை ஹோல்போர்னில் இருந்த டபிள்யூ. அண்ட் டி. பெய்லி என்ற நிறுவனத்துக்கு விட்டுக் கொடுத்தார். பின்னால் இங்கிலாந்தில் வந்த பெரிய வளைவுக் கண்ணாடி வீடுகளுக்கு இந்த மெல்லிய கம்பி வழிவிட்டது.

1820-ல் வாதம் மறுபடியும் படுத்தியது. பாட்னாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது என்பவர் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலுமாகப் பெரிய வைத்தியசாலை நடத்திக்கொண்டிருந்தார். ஷாம்பூ என்ற சொல்லை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் அவர். லூடன் அங்கே போனார். வலது கை தோளுக்குப் பக்கத்தில் முறிந்தது. சரியாகக் கூடவில்லை. வலி தாங்காமல் அபின் கரைசல் குடிக்க ஆரம்பித்து, எட்டு மணிக்கு ஒரு தடவை ஒரு ஒயின் கோப்பை என்ற அளவுக்குப் போய்விட்டார். அதிலிருந்து வெளியே வந்த விதம் பிரமாதம். புட்டியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தால் அதே அளவு தண்ணீரை உள்ளே ஊற்றி வைத்துவிடுவார். நாளாக ஆக உள்ளே வெறும் தண்ணீர்தான் மிச்சம். 1825-ல் அந்தக் கையையே எடுத்துவிட்டார்கள். இடது கையிலும் இரண்டு விரல்தான் ஒழுங்காக வேலை செய்தது.

போர்செஸ்டர் டெரஸ் வீடு கட்டப்பட்டது இந்த வருடங்களில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.

வீட்டைச் சுற்றி

1838-ல் புறநகர் வீடுகளையும் தோட்டங்களையும் பற்றி லூடன் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் தன் வீட்டையே உதாரணமாக வைத்து நோக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். இரண்டு சின்ன வீடுகள் ஒன்றாகத் தெரிய வேண்டும், பார்க்கக் கட்டடக் கலை என்று சொல்லும்படி இருக்க வேண்டும், நோயாளிகள் வாழ வசதியாகவும் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு நோக்கத்துக்குப் பதில் அந்தக் கண்ணாடிக் கவிகை. தெருவில் போகிறவர் பார்வை நேராக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். வளைவு, பளபளப்பு, உள்ளே பச்சைச் செடிகள். அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. கண்ணாடிக்கு எடை போட்டு வரி வாங்கிக்கொண்டிருந்த காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்காரருக்குக் காசுக்குப் பஞ்சமில்லை என்று அது வாயைத் திறக்காமல் சொல்லும். கூடவே தான் கண்டுபிடித்த கம்பிக்கு வாசலிலேயே விளம்பரம். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

வாசல்கள் பக்கவாட்டுக்குப் போய்விட்டன. இது கண்ணுக்காக மட்டுமில்லை. வாசல் ஓரத்தில் இருந்தால் முன்பக்கம் முழுக்க அறைகளுக்குக் கிடைக்கும். இரண்டு குடும்பம் வாசலில் முட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

மூன்றாவது நோக்கத்துக்குப் பதில் வராந்தா. ஏறக்குறைய கட்டடத்தைச் சுற்றி வரும்படி அதை அமைத்திருந்தார். வராந்தா என்ற சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். இந்தியாவில் அது வெயிலுக்காக. லண்டனில் எதற்கு? மழை, பனி, சேறு என்று வெளியே போக முடியாத நாட்களில் வீட்டைச் சுற்றியே நடந்து உடம்புக்குப் பயிற்சி கொடுக்க. முழங்கால் மடங்காத ஒருவர், கை போய்க்கொண்டிருக்கும் ஒருவர், தனக்காக வரைந்த நடைபாதை அது. ஊருக்குக் காட்டுவதற்கு வைத்தது நடுவில் ஒரு கவிகை. தனக்காக வைத்தது அதைச் சுற்றி ஒரு வராந்தா. புகைப்படம் எடுக்கிறவர்கள் கவிகையைத்தான் எடுக்கிறார்கள்.

ஒரு கையும் இன்னொரு கையும்

1827-ல் மம்மியைப் பற்றி மூன்று பாக நாவல் ஒன்று எழுதியவர் பெயர் போடாமல் வந்தது. கதை நடப்பது 22-ம் நூற்றாண்டில். அதில் நீராவியால் ஓடும் ஏர் ஒன்று வரும். லூடனுக்கு அது பிடித்துப்போய்த் தன் பத்திரிகையில் எழுதினார். எழுதிய ஆளைச் சந்திக்க ஆசைப்பட்டார். ஆண் என்று நினைத்துத் தேடியவருக்கு 1830-ல் ஒரு விருந்தில் ஜேன் வெப் என்ற 22 வயதுப் பெண்ணை அறிமுகப்படுத்தினார்கள். அதே வருடம் செப்டம்பரில் கல்யாணம். ஜேன் இந்த வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு லூடன் சொல்வார், ஜேன் எழுதுவார். ராத்திரி வெகுநேரம் வரை இது நடக்கும். பிரிட்டனில் வளரும் மரங்களைப் பற்றி எட்டுத் தொகுதிகளில் ஒரு பிரம்மாண்ட நூல் 1838-ல் முடிந்தது. ஓவியர்களுக்கும் அச்சுக்கும் சொந்தக் காசைப் போட்டதில் சுமார் 10,000 பவுண்டு கடன். கண்ணாடிக் கவிகை போட்ட வீட்டுக்குள் கடன்காரர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. வெளியே தெரிந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. ராபர்ட்சன் கதைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்: இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, வாங்கிய கடனுக்குப் புத்தகம் இருந்தது.

கடனை அடைக்க ஜேனும் சொந்தமாக எழுத ஆரம்பித்தார். 1840-ல் பெண்களுக்கான தோட்டக்கலைப் புத்தகம் வந்தது. ஒரு காலத்தில் அவருக்கே தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினார். புத்தகம் நன்றாக விற்றது. 1843 டிசம்பரில், புத்தக வேலை பாதியில் இருக்கும்போதே, நின்றபடியே லூடன் இறந்தார். விழாமல் பிடித்துக்கொண்டவர் ஜேன். அவரும் 1858-ல் இந்த வீட்டில்தான் காலமானார். இன்றைக்கு அந்தச் சுவரில் இருக்கும் நினைவுப் பலகையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

பொய்யா, ஒப்பந்தமா?

இரண்டு வீட்டை ஒன்றாகக் காட்டுவது பொய்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதைவிட, அந்தப் பொய் எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

லூடனுக்கு அது சுலபம். இரண்டு பாதியும் அவர் கட்டியது. ஒரே பணப்பை, ஒரே புத்தி. ஆனால் இரண்டு பாதிக்கும் வெவ்வேறு சொந்தக்காரர்கள் வந்துவிட்டால்? சமச்சீர் என்பது இரண்டு பேருக்கும் பொதுவான சொத்து. ஆனால் அதைக் காப்பாற்றும் செலவு ஆளுக்குத் தனித்தனி. இவர் தன் பாதிக்கு மட்டும் நீல வண்ணம் அடித்தால் அவர் வீட்டின் அழகும் சேர்ந்து போகும். அவர் தன் பாதியின் பழைய ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போட்டால் இவருடைய பழைய ஜன்னல் அனாதையாகும். லாபம் பாதிப் பாதி, செலவு முழுசு. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் முதலில் காசு போட மாட்டார்கள் என்பது பொருளாதாரப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வருவது.

அதைத்தான் பின்னால் வந்த வரலாறு காட்டியது. 1920-களிலும் 30-களிலும் இங்கிலாந்துப் புறநகர்களில் இரட்டை வீடுகள் லட்சக்கணக்கில் முளைத்தன. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வாழ்வது இரட்டை வீட்டில். எந்த ஊரிலும் தெருவில் நடந்து பாருங்கள். ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி செங்கல். ஒரு பாதியில் செடி, ஒரு பாதியில் கார் நிறுத்த சிமெண்ட். ஒரே மாளிகை என்ற பாசாங்கை யாரும் சீந்துவதில்லை. சுவர் விஷயத்தில் மட்டும் சட்டம் கெட்டியாக இருக்கிறது. 1996-ல் பொதுச்சுவருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி, சுவரில் பெரிதாகக் கை வைப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். நடுச்சுவருக்குப் பாதுகாப்பு உண்டு. முகத்துக்குக் கிடையாது.

பழைய ஜார்ஜிய வீடுகள் தப்பித்ததற்குக் காரணம், அவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்ற அரசுப் பட்டியலில் இருப்பது. பாரகனும் அதில் இருக்கிறது, போர்செஸ்டர் டெரஸ் ஜோடியும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்காரர்களும் தாங்களாகச் செய்து கொள்ள வேண்டிய ஒப்பந்தத்தை அரசாங்கம் அவர்கள் சார்பில் செய்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் சட்டத்தை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல் இல்லையென்றால் தெருவில் நின்று பார்க்கிறவருக்கு அந்த ஒற்றை மாளிகை இல்லை.

ஆகவே அது பொய் என்று சொல்வதைவிட வாக்கு என்று சொல்லலாம். நீ உன் பாதியைக் கெடுக்காதே, நான் என் பாதியைக் கெடுக்க மாட்டேன், இரண்டு பேரும் மாளிகையில் இருப்பதாக ஊர் நினைக்கட்டும் என்ற வாக்கு. செங்கல் 200 வருடம் தாங்கும். வாக்கு அவ்வளவு நாள் தாங்குவது அபூர்வம்.

போர்செஸ்டர் டெரஸில் தாங்கியிருக்கிறது. யாராவது லண்டன் போனால் அந்தத் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கண்ணாடிக் கவிகையை ஆசை தீரப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஓரமாக நகர்ந்து நின்று அந்த இரண்டாவது வாசல் எங்கே என்று தேடிப் பாருங்கள்.